கிளிஞ்ச் ஆற்றங்கரையில் ஓர் அமெரிக்க நூற்றாண்டு

நாக்ஸ்வில் நகரை விட்டு 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் அரை மணி நேரத்துக்குள் மலைகள் நெருங்கி வந்துவிடும். அப்பலாச்சியாவின் பக்கவாட்டு வரிசைகள் அவை. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீள நீளமாகக் கிடக்கின்றன. இடைப்பட்ட பள்ளங்களில் கிளிஞ்ச் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. டென்னசி மாநிலத்தின் ஆண்டர்சன் கவுண்டி இது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 77,000. பெரிய நகரம் என்று எதுவும் இல்லை. பாப்டிஸ்ட் தேவாலயங்களும் பெட்ரோல் நிலையங்களும் மீன்பிடிப் படகை இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டிகளும் வழியெங்கும் கண்ணில் படும். ஸ்மோக்கி மலைகளைத் தேடி வரும் சுற்றுலாக் கூட்டத்தில் பெரும்பகுதி தென்கிழக்கே திரும்பிவிடுகிறது.

அமெரிக்க வரலாற்றுப் பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாக வரும் பல சொற்களை இந்த ஒரே கவுண்டியில் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். கைதிகளைக் குத்தகைக்கு விட்ட முறை, நியூ டீல், மன்ஹாட்டன் திட்டம், பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த பிரவுன் வழக்கு. மாணவர்கள் தேர்வுக்காக இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்கள். இங்கே அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அணை இல்லாவிட்டால் அணுகுண்டுத் தொழிற்சாலை இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்காது. அணைக்காக வீட்டை இழந்த சில குடும்பங்களே தொழிற்சாலைக்காகவும் வீட்டை இழந்தன. ஒவ்வொரு முறையும் வாஷிங்டன் வந்து கதவைத் தட்டியது. அது எதை எடுத்துக்கொண்டது, எதைக் கொடுத்தது, யாருக்குக் கொடுக்க மறுத்தது என்று கேட்டுக்கொண்டே போனால், நான்கு அத்தியாயங்களும் ஒரே கதையாகக் கூடி வரும்.

வடக்கு ஓரத்திலிருந்து தொடங்குவது நல்லது. ராக்கி டாப் என்ற சிற்றூர் அங்கே இருக்கிறது. 2014 வரை அதன் பெயர் லேக் சிட்டி. அதற்கு முன்னால் கோல் கிரீக். கரி வெட்டிய காலத்தில் கரியின் பெயர், அணை கட்டியபின் ஏரியின் பெயர், இப்போது சுற்றுலா வளரும் என்ற நம்பிக்கையில் டென்னசிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் பெயர். எதை நம்பிப் பிழைத்ததோ அதையே ஊர் தனக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் ஒரு விதிவிலக்கை விட்டுவைத்தது. குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்பதே அது. தென் மாநிலங்கள் அந்த இடைவெளியில் புகுந்துகொண்டன. சிறைக் கைதிகளை, பெரும்பாலும் கறுப்பினத்தவரை, சுரங்க நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டன. கூலித் தகராறு வரும்போதெல்லாம் தொழிலாளரை வெளியே தள்ளிவிட்டுக் கைதிகளை இறக்குவது முதலாளிகளுக்கு எளிதாயிற்று. 1891 ஜூலையில், கோல் கிரீக்கை அடுத்த பிரைஸ்வில்லில் சுரங்கத் தொழிலாளர் துப்பாக்கியோடு திரண்டனர். கைதிகளையும் அவர்களுடைய காவலர்களையும் ரயிலேற்றி நாக்ஸ்வில்லுக்கே திருப்பி அனுப்பினர். மாநில அரசு மறுபடியும் அவர்களைக் கொண்டுவந்தது. அக்டோபர் கடைசியில் தொழிலாளர் கொட்டடிக்குத் தீ வைத்து, கைதிகளுக்கு மாற்றுடை கொடுத்து, போகச் சொல்லிவிட்டனர். அடுத்த ஆண்டு மாநிலப் படை குன்றின்மேல் கோட்டை கட்டி ஊரை அடக்கியது. தொழிலாளர் தோற்றாலும் அந்த முறை பிழைக்கவில்லை. 1896-இல் குத்தகை முடிந்ததும் டென்னசி அதைப் புதுப்பிக்கவில்லை. அதற்குப் பதில் அண்டை கவுண்டியில் பிரஷி மவுண்டன் சிறையைக் கட்டி, கைதிகளைக் கொண்டு தானே கரி வெட்டியது. மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே 1977-இல் தப்பியோடி மூன்று நாளுக்குள் பிடிபட்டது அந்தச் சிறையிலிருந்துதான்.

ஊருக்கு வெளியே லீச் கல்லறைத் தோட்டத்தில் கற்கள் வட்டம் வட்டமாக நிற்கின்றன. 1902 மே 19 அன்று பிரேட்டர்வில் சுரங்கம் வெடித்தது. இறந்தவர்கள் 200-க்கு மேல். அந்த ஊரில் வயது வந்த ஆண்கள் மூன்று பேரே மிஞ்சினார்கள் என்று சொல்வார்கள். உள்ளே சிக்கிக்கொண்ட சிலர் காற்று தீரும்வரை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதினார்கள். அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. இந்த மலைகளின் ஏழ்மையை யாராவது இயற்கையின் கொடை என்று பேசினால் அவர்களை இந்த வட்டத்துக்கு அழைத்து வர வேண்டும். கரி போன இடத்தில் செல்வம் சேர்ந்தது. கரி கிடைத்த இடத்தில் கல்லறைகள் சேர்ந்தன.

ராக்கி டாப்பிலிருந்து 441-ஆம் எண் சாலை கிழக்கே மலை ஏறி இறங்கி, திடீரென்று ஓர் அணையின் மேலேயே ஓடத் தொடங்குகிறது. நாரிஸ் அணை. உயரம் 265 அடி, நீளம் 1,860 அடி. ஒரு பக்கம் நீல ஏரி, மறு பக்கம் ஆழத்தில் மெலிந்த ஆறு. அலங்காரம் எதுவும் இல்லாத இந்தக் கான்கிரீட் சுவரின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஹங்கேரியில் பிறந்த கட்டடக் கலைஞர் ரோலண்ட் வாங்க். பொதுமக்களின் பணத்தில் கட்டியது பொதுமக்கள் வந்து பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்றும் அணையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

1933 மே 18 அன்று ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொருளாதார வீழ்ச்சியில் வங்கிகள் மூடிக்கிடந்த ஆண்டு அது. நாட்டில் நான்கு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லை. பதவியேற்ற முதல் 100 நாட்களில் அவர் கொண்டுவந்த சட்டங்களோடு தொடங்கியதுதான் நியூ டீல். அவற்றுள் மிகத் துணிச்சலானது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், சுருக்கமாக டி.வி.ஏ. ஏழு மாநிலங்களைத் தொடும் ஓர் ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்து, வெள்ளத்தைக் கட்டுப்படுத்து, மின்சாரம் உண்டாக்கு, மண் அரிப்பைத் தடு என்று மத்திய அரசு சொன்னது. அமெரிக்காவில் அதற்கு முன் நடக்காத காரியம். கிராம வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்த காலம். தனியார் மின் நிறுவனங்கள் மலைக்குடிசைக்குக் கம்பி இழுப்பதில் லாபம் இல்லை என்று கைவிரித்திருந்தன. அரசே மின்சாரம் விற்பதா என்று அவை நீதிமன்றத்துக்கும் போயின, தோற்றன. டி.வி.ஏ.யின் முதல் அணை நாரிஸ். 1933 அக்டோபரில் வேலை தொடங்கி 1936 மார்ச்சில் முடிந்தது.

ஏரி அழகானது. 800 மைலுக்கு மேல் நீளும் கரை, மரங்கள் அடர்ந்த தீவுகள், படகு வீடுகள். அதன் அடியில் லாய்ஸ்டன் என்ற ஊர் கிடக்கிறது. குழந்தைத் தொழிலாளரைப் படம் பிடித்துப் பெயர் பெற்ற லூயிஸ் ஹைன் 1933-இல் டி.வி.ஏ.வுக்காக இங்கே வந்து, மூழ்கப்போகும் அந்த ஊரின் தெருவையும் கடையையும் முகங்களையும் படமெடுத்துவைத்தார். சுமார் 2,900 குடும்பங்கள் வெளியேறின. 5,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். நிலத்துக்கு விலையை டி.வி.ஏ. நிர்ணயித்தது, பேரம் கிடையாது. சொந்த நிலம் உள்ளவருக்குக் காசாவது வந்தது. பிறர் நிலத்தில் உழுது பிழைத்த குத்தகைக்காரருக்கு நிலத்தின் பெயரால் எதுவும் வரவில்லை. எலியா கஸான் 1960-இல் எடுத்த "வைல்ட் ரிவர்" படம் இந்த மோதலைத்தான் சொல்கிறது. வீட்டை விட்டு நகர மறுக்கும் கிழவியும் அவளை நகர்த்த வந்த அரசு ஊழியனும் அதில் எதிரெதிரே நிற்கிறார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதுதான் அந்தப் படத்தின் வலிமை.

அணைத் தொழிலாளருக்காகக் கட்டிய நாரிஸ் என்ற ஊர் சில மைல் தள்ளி இருக்கிறது. நடுவே பச்சை மைதானம், வளைந்து போகும் தெருக்கள், மின்சாரத்தில் சூடேறும் சிறு வீடுகள். டி.வி.ஏ.யின் முதல் தலைவர் ஆர்தர் மார்கனின் கனவு ஊர் இது. பட்டம் எதுவும் பெறாமல் பொறியாளராகி ஒரு கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தவர் மார்கன். நல்ல சமூகத்தைத் திட்டமிட்டே உருவாக்கலாம் என்று உறுதியாக நம்பியவர். சக இயக்குநர்களோடு மூண்ட சண்டையில் ரூஸ்வெல்ட் 1938-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பத்தாண்டு கழித்து அவர் இந்தியா வந்தார். டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தில் ஏ. லட்சுமணசாமி முதலியாரோடு அவரும் ஓர் உறுப்பினர். கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அந்த அறிக்கை வலியுறுத்தியதில் மார்கனின் பங்கு பெரிது. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1956-இல் தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிறுவனம் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தது. இந்த ஊரின் பச்சை மைதானத்துக்கும் சிறுமலை அடிவாரத்துக்கும் இடையே அப்படி ஓர் உறவு இருக்கிறது.

அந்தக் கனவு ஊரில் கறுப்பினத்தவர் குடியிருக்க அனுமதி இல்லை. அணை வேலைக்கு அவர்களை எடுத்தார்கள், வீடு கொடுக்கவில்லை. 1934-இல் ஜான் டேவிஸும் சார்லஸ் ஹூஸ்டனும் பள்ளத்தாக்குக்கு வந்து விசாரித்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் "தி கிரைசிஸ்" இதழில் கடுமையாக எழுதினார்கள். உள்ளூர் வழக்கத்தை அரசு மீற முடியாது என்பதே அதிகாரிகள் சொல்லிவந்த சமாதானம். பல நூறு பரம்பரை வீடுகளைத் தண்ணீரில் மூழ்கடிக்கத் தயங்காத அரசு, ஒரு தெருவில் இரண்டு நிறத்தவரைக் குடியமர்த்த அஞ்சியது. ஹூஸ்டன் என்ற அந்த வழக்கறிஞரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் பிரவுன் வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர்தான்.

நாரிஸிலிருந்து தென்மேற்கே, ஆற்றோடு சேர்ந்து இறங்கினால் ஓக் ரிட்ஜ். 1942 செப்டம்பரில் மன்ஹாட்டன் திட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ், முதல் சில நாட்களிலேயே இந்த இடத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். யுரேனியத்தைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். நாரிஸ் அணை அருகில் இருந்தது. தண்ணீருக்கு ஆறு இருந்தது. ஒரு தொழிற்சாலையில் விபத்து நேர்ந்தால் அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க இடையிடையே மலைவரிசைகள் இருந்தன. கடற்கரையிலிருந்து தொலைவு. ஆள் நடமாட்டம் குறைவு என்று கணக்கெழுதினார்கள்.

குறைவுதான், ஆனால் வீட், ஸ்கார்பரோ, ராபர்ட்ஸ்வில், எல்ஸா என்று ஊர்கள் இருந்தன. சுமார் 3,000 பேர் வாழ்ந்தனர். இலையுதிர் காலத்தில் ஒருநாள் வீட்டுக் கதவில் அறிவிப்பு தொங்கியது. சில குடும்பங்களுக்குக் கிடைத்த அவகாசம் சில வாரங்கள். சுமார் 59,000 ஏக்கரை ராணுவம் எடுத்துக்கொண்டது. எதற்கு என்று கேட்டவர்களுக்குப் போருக்கு என்று மட்டும் பதில் வந்தது. நாரிஸ் ஏரிக்காக ஊரை விட்டுவந்து இங்கே புதிதாக வேர் பிடித்தவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்கள் மறுபடியும் சட்டி பானையைக் கட்டினார்கள்.

வீட் ஊரில் மிச்சமிருப்பது ஒரு வெள்ளைத் தேவாலயம். போருக்குப் பிறகு பல ஆண்டுகள், வெளியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அக்டோபரில் ஒரு ஞாயிறு அங்கே கூடிச் சாப்பிட்டுப் பாடிப் பேசிப் பிரிவதை வழக்கமாக வைத்திருந்தனர். அதே பகுதியில் இன்னொரு புதைகாடும் இருக்கிறது. பெயர் வெட்டாத கற்களின் கீழே, உள்நாட்டுப் போருக்கு முன் இந்த நிலத்தில் உழைத்த கறுப்பின அடிமைகள் கிடக்கிறார்கள். வெளியேற்றம் பற்றிப் பேசும்போது இந்த மண்ணில் அதற்கு முன்னும் ஆட்கள் பிடுங்கி நடப்பட்டார்கள் என்பதை அந்தக் கற்கள் சொல்கின்றன.

மூன்று ஆண்டில் அங்கே 75,000 பேர் வாழும் நகரம் எழுந்தது. டென்னசியின் ஐந்தாவது பெரிய நகரம், எந்த வரைபடத்திலும் இல்லாமல். சுற்றிலும் வேலி, வாயில்களில் காவலர், எங்கும் வாயைக் கட்டச் சொல்லும் விளம்பரப் பலகைகள். ஒய்-12 என்ற ஆலையில் மின்காந்தத்தைக் கொண்டு யுரேனியம்-235-ஐப் பிரித்தார்கள். காந்தச் சுருளுக்குச் செம்பு வேண்டும். போரில் செம்புக்குத் தட்டுப்பாடு. ஆகவே அரசுக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடனாக வாங்கிக் கம்பியாக இழுத்தனர். கடைசி வெள்ளி 1970-இல் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அந்த இயந்திரங்களின் முன் வரிசையாக உட்கார்ந்து முள்ளைப் பார்த்துத் திருகைத் திருப்பியவர்கள் சுற்று வட்டாரப் பள்ளிகளில் அப்போதுதான் படிப்பு முடித்த பெண்கள். என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. உற்பத்திப் போட்டி வைத்துப் பார்த்தபோது முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளர்களை அந்தப் பெண்கள் தோற்கடித்தனர். ராணுவப் புகைப்படக்காரர் எட் வெஸ்ட்காட் எடுத்த படத்தில், உயரமான முக்காலிகளில் அமர்ந்து முதுகைக் காட்டியபடி அவர்கள் இன்றும் வரிசை கட்டி இருக்கிறார்கள்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் விழுந்த குண்டில் இருந்தது அந்த யுரேனியம். ஓக் ரிட்ஜ்காரர்களில் பெரும்பாலோர் தாங்கள் எதைச் செய்தோம் என்பதை அன்று வானொலியில்தான் தெரிந்துகொண்டார்கள்.

பெத்தல் பள்ளத்தாக்கில் எக்ஸ்-10 கிராபைட் அணு உலை நிற்கிறது. என்ரிகோ ஃபெர்மி முன்னிலையில் 1943 நவம்பர் 4 விடியற்காலையில் இயங்கத் தொடங்கியது. 1963-இல் ஓய்வு பெற்றது. வெள்ளைச் சுவர் முழுதும் துளைகள். துளைக்குள் யுரேனியக் கோல்களைத் தள்ளும் பொம்மைத் தொழிலாளர்கள். இன்று லாஸ் அலமோஸ், ஹான்ஃபோர்டு ஆகியவற்றோடு சேர்த்து இந்த இடங்களெல்லாம் 2015-இல் அமைத்த தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதிகள். அரை மைல் நீளப் பக்கங்களோடு ஆங்கில யு எழுத்தைப் போல் கிடந்த கே-25 கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டனர். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய கட்டடங்களில் ஒன்று. இப்போது வெற்றுத் தளமும் அருகே ஒரு காட்சியகமும்தான்.

பெருமைக்குரிய காட்சிகளுக்கு நடுவே இரண்டு செய்திகளை வருகிறவர்கள் கேட்டுப் பெற வேண்டும். வெள்ளைத் தொழிலாளருக்கு முன்புறத் தாழ்வாரம் வைத்த வீடுகள் கிடைத்தன. கறுப்பினத் தொழிலாளருக்குக் கிடைத்தவை பதினாறடிச் சதுர ஒட்டுப்பலகைக் குடில்கள், ஒன்றுக்கு நான்கைந்து பேர். கணவனும் மனைவியும்கூடத் தனித்தனிக் குடியிருப்பில். பெண்கள் பகுதிக்கு வேலி. இது வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட பழைய ஊரில் வந்த பழக்கம் அல்ல. வெற்று மண்ணில், மத்திய அரசு தன் கையால் கோடு போட்டுக் கட்டிய நகரில் வந்த பிரிவினை. இரண்டாவது செய்தி எப் கேட் பற்றியது. கட்டட வேலை செய்த கறுப்பினத்தவர். 1945 மார்ச்சில் கார் விபத்தில் எலும்பு முறிந்து ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். ஏப்ரல் 10 அன்று அவருடைய இசைவு இல்லாமல் உடலில் புளூட்டோனியத்தைச் செலுத்தினார்கள். மனித உடல் அதை எவ்வளவு வெளியேற்றும் என்று பார்ப்பதற்காக. 1990-களில் அரசே அமைத்த விசாரணைக் குழு இத்தகைய சோதனைகளை முழுமையாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ஓக் ரிட்ஜின் பிஸல் பூங்காவில் ஒரு பெரிய வெண்கல மணி தொங்குகிறது. ஜப்பானில் பிறந்த ஷிகேகோ உப்புலூரியும், இந்தியாவில் பிறந்து ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கணித அறிஞராக வேலை பார்த்த அவர் கணவரும் முன்வைத்த யோசனை இது. 1993-இல் கியோட்டோவில் வார்த்து இங்கே கொண்டுவந்தார்கள். பௌத்தச் சின்னத்தை நகராட்சி நிலத்தில் வைக்கலாமா என்று ஒருவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் மணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வருகிறவர் யாராக இருந்தாலும் மரக்கட்டையை இழுத்து மணியை அடிக்கலாம்.

போர் முடிந்ததும் அணுசக்தி ராணுவத்தின் கையிலிருந்து சிவில் ஆணையத்துக்கு மாறியது. அதன் முதல் தலைவர் டேவிட் லிலியந்தால், அதற்கு முன் டி.வி.ஏ.யின் தலைவர். அணையும் குண்டும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்தன. பிறகு அணை மின்சாரம் போதாமல் நிலக்கரி அனல்மின் நிலையங்கள் வந்தன. ஆற்றின் கீழே, கிங்ஸ்டனில், முக்கியமாக ஓக் ரிட்ஜுக்காக 1950-களில் கட்டிய நிலையத்தில் 2008 டிசம்பர் 22 நள்ளிரவு கடந்து சாம்பல் குளத்தின் கரை உடைந்தது. 100 கோடி காலனுக்கு மேல் சாம்பல் சேறு ஆற்றிலும் வீடுகளிலும் புகுந்தது. அதை அள்ளிய தொழிலாளர் பலர் நோயில் விழுந்தனர். பாதுகாப்பு முகமூடி கேட்டும் மறுத்தார்கள் என்று வழக்குத் தொடுத்தனர். 2018-இல் நாக்ஸ்வில் நடுவர் குழு துப்புரவு ஒப்பந்ததாரர் கடமை தவறியதாகச் சொன்னது. கோல் கிரீக்கில் தொடங்கிய கரியின் கணக்கு 21-ஆம் நூற்றாண்டிலும் தீரவில்லை. அதே கரையில், புதிய சிறு அணு உலை ஒன்றைக் கட்ட டி.வி.ஏ. 2025-இல் அனுமதி கேட்டு விண்ணப்பித்தது.

கடைசியாகக் கவுண்டியின் தலைநகர் கிளின்டன். பழைய நீதிமன்றக் கட்டடமும் பழம்பொருள் கடைகள் நிறைந்த கடைத்தெருவும் ஆற்றின் மேல் பாலமும் கொண்ட அமைதியான ஊர். ஃபோலி ஹில் என்ற சிறு குன்றின்மேல் கறுப்பினக் குழந்தைகளுக்கான செங்கல் பள்ளி நின்றது. அடிவாரத்தில் வெள்ளையருக்கு மட்டுமான உயர்நிலைப் பள்ளி. குன்றில் தொடக்கக் கல்வி முடித்த கறுப்பினப் பிள்ளைகள் மேற்கொண்டு படிக்க வேண்டுமானால், கண்ணெதிரே இருந்த பள்ளியைத் தாண்டிப் பேருந்தில் நாக்ஸ்வில் போக வேண்டும்.

1950-இல் சில பெற்றோர் வழக்குப் போட்டனர். ஏவன் வில்லியம்ஸ் உள்ளிட்ட வழக்கறிஞர்கள் வாதாடினர். 1952-இல் கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் டெய்லர் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். 1954 மே 17 அன்று வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம், தர்குட் மார்ஷல் வாதாடிய பிரவுன் வழக்கில், பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. 1956 ஜனவரியில் அதே டெய்லர், வரும் கல்வியாண்டிலிருந்து கிளின்டன் உயர்நிலைப் பள்ளி எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தக் கல்வியாண்டுக்கு ஓராண்டு முன்பே, 1955 செப்டம்பரில், அணுசக்தி ஆணையத்தின் ஆணைப்படி ஓக் ரிட்ஜ் பள்ளிகளில் 85 கறுப்பின மாணவர் சேர்ந்துவிட்டனர். அந்த நகரம் முழுவதும் மத்திய அரசின் சொத்து என்பதால் எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. கிளின்டன் அப்படி அல்ல. அது மலைக்காரர்களின் சொந்த ஊர்.

1956 ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை. கறுப்பின மாணவர்கள் பன்னிரண்டு பேர் குன்றிறங்கி உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து வந்தனர். முதல் நாள் அமைதியாகவே கழிந்தது. அவர்களில் ஒருவரான ஜோ ஆன் ஆலனை அவருடைய வகுப்பு துணைத் தலைவராகக்கூடத் தேர்ந்தெடுத்தது. ஊர்க்காரர்களில் பலருக்கு இனக்கலப்புக் கல்வி பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான் என்று தலைமை ஆசிரியர் டி. ஜே. பிரிட்டன் போன்றவர்கள் உறுதியாக நின்றனர். தீ வெளியிலிருந்து வந்தது. ஜான் காஸ்பர் என்ற இளைஞர் வட கிழக்கிலிருந்து வந்து வீடு வீடாகத் தூண்டிவிட்டார். அலபாமாவிலிருந்து ஏசா கார்ட்டர் வந்து கூட்டம் போட்டார். பின்னாளில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு உரை எழுதிக் கொடுத்த இதே கார்ட்டர், பெயரை மாற்றிக்கொண்டு, செரோக்கி பழங்குடிப் பேரன் என்று வேடமிட்டு நாவல் எழுதி லட்சக்கணக்கில் விற்றவர். தொழிலாளர் தின விடுமுறை வாரத்தில் கும்பல் நெடுஞ்சாலையில் இறங்கி, கறுப்பினத்தவர் வந்த கார்களை மறித்துக் கண்ணாடியை உடைத்தது. ஊர் ஆண்கள் சிலர் தற்காலிகக் காவல் படையாகத் திரண்டு நீதிமன்ற வாசலில் நின்றனர். செப்டம்பர் 2 அன்று ஆளுநர் பிராங்க் கிளமென்ட் அனுப்பிய 600-க்கு மேற்பட்ட தேசியக் காவல் படையினர் டாங்கிகளோடு ஊருக்குள் நுழைந்தனர். இதே போன்ற பள்ளி மோதலால் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் உலகச் செய்தியானது இதற்கு ஓராண்டு கழித்து.

டாங்கிகள் போனபின் தாழ்வாரத்தில் தள்ளுமுள்ளு, புத்தகத்தில் மை, நாற்காலியில் ஆணி, இரவில் வெடிச் சத்தம். டிசம்பர் தொடக்கத்தில் பெற்றோர் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டனர். டிசம்பர் 4 அன்று, ஊரின் வெள்ளையர் தேவாலயமான முதல் பாப்டிஸ்ட் சபையின் போதகர் பால் டர்னர், வேறு இருவரோடு குன்றேறிப் போய், வர இசைந்த மாணவர்களை நடத்திக் கூட்டிவந்தார். பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கும்பல் அவரை ரத்தம் வரும்வரை அடித்தது. அன்றே நகராட்சித் தேர்தல். வாக்குச்சாவடிக்குப் போன ஊர், பிரிவினைவாத வேட்பாளர்களைப் படுதோல்வி அடையச் செய்தது.

இந்தக் கதையில் சட்டம் எவ்வளவு, மனசாட்சி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். உத்தரவு இல்லாமல் கதவு திறந்திருக்காது. டர்னர் போன்ற ஒருவர் இல்லாமல் திறந்த கதவு திறந்தபடி இருந்திருக்காது. ஆனால் இரண்டையும்விட முன்னே வைக்க வேண்டியது அந்தப் பிள்ளைகளின் நடை. போதகர் ஒருநாள் நடந்தார். அவர்கள் தினமும் நடந்தார்கள். ஆலனின் குடும்பம் அந்த டிசம்பரிலேயே லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பாபி கேய்ன் மட்டும் மூத்த வகுப்பை முடித்து, 1957 மே 17 அன்று, பிரவுன் தீர்ப்பு வந்து சரியாக மூன்று ஆண்டில், பட்டயம் பெற்றார். தென் மாநிலங்களில் பிரிவினை நீங்கிய அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறிய முதல் கறுப்பின இளைஞர்களில் ஒருவர். அங்கியைக் கழற்றப் போன அறையில் யாரோ விளக்கை அணைத்துவிட்டு அவரை அடித்தார்கள்.

1958 அக்டோபர் 5, ஞாயிறு விடியலில் பள்ளி வெடித்தது. எழுபத்தைந்து முதல் நூறு டைனமைட் குச்சிகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டனர். யாரும் உள்ளே இல்லை. செய்தது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. சில நாட்களிலேயே கிளின்டன் மாணவர்கள் அனைவரும், இரு நிறத்தவரும், பேருந்தேறி ஓக் ரிட்ஜுக்குப் போனார்கள். அங்கே காலியாகக் கிடந்த லிண்டன் தொடக்கப் பள்ளியை ஊர்மக்கள் ஓடியாடித் துடைத்து வைத்திருந்தனர். பேருந்துகள் வந்து நின்றபோது ஓக் ரிட்ஜ் பள்ளி இசைக்குழு கிளின்டன் பள்ளியின் கீதத்தை வாசித்து வரவேற்றது. நாடறிந்த மதபோதகர் பில்லி கிரஹாம் கிளின்டனுக்கே வந்து பேசினார். பத்திரிகையாளர் ட்ரூ பியர்சன் நாடெங்கும் நன்கொடை திரட்டினார். புதிய கட்டடம் 1960-இல் திறந்தது.

குன்றின்மேல் இருந்த அந்தச் செங்கல் பள்ளி இப்போது கிரீன் மெக்காடூ பண்பாட்டு மையம். வாசலில் பன்னிரண்டு பேரும் ஆளுயர வெண்கலச் சிலைகளாகப் புத்தகத்தோடு அடிவாரத்தை நோக்கி நிற்கிறார்கள். உள்ளே 1950-களின் வகுப்பறை ஒன்றை அப்படியே அமைத்திருக்கிறார்கள். 1956-இன் படங்கள், செய்தித்தாள்கள், டாங்கிகள் நின்ற தெருவின் காட்சிகள் எல்லாம் உண்டு. 2006 ஆகஸ்டில், ஐம்பதாவது ஆண்டில், மையம் திறந்தது. பலகைகளை நிதானமாகப் படிக்கிறவர்கள் இன்னொரு தேதியையும் அங்கே பார்ப்பார்கள். நீதிமன்ற உத்தரவு உயர்நிலைப் பள்ளிக்கு மட்டுமே. அடிவாரத்தில் இத்தனையும் நடந்து முடிந்த பிறகும், கறுப்பினச் சிறு பிள்ளைகள் இதே குன்றில் இதே பள்ளியில் தனியாகத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள், 1965 வரை.